அணு உலை விபத்துகளில் அயோடின்-131
அயோடின்-131 என்பது யுரேனியம் பிளவுறும்போது உண்டாகும் கதிரியக்க ஓரிடத்தான் ஆகும். இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 8 நாட்கள். கடும் அணு உலை விபத்துகளில் இது எவ்வளவு வெளியேறும் என்பது இதன் வேதி வடிவத்தையும், இது நீரைக் கடந்து செல்கிறதா என்பதையும் பெரிதும் சார்ந்துள்ளது.

வேதியியல்
எரிபொருள் உருகும்போது செனான், கிரிப்டான் ஆகிய மந்த வளிமங்கள் எதனுடனும் வினைபுரியாமல் வெளியேறுகின்றன. அயோடினோ பெரும்பாலும் சீசியத்துடன் சேர்ந்து சீசியம் அயோடைடு என்னும் உப்பாகிறது. இவ்வுப்பு நீரில் நன்கு கரையும். ஆனால் அந்நீர் அமிலத்தன்மை அடைந்தால், கதிர்வீச்சின் தாக்கத்தால் அயோடைடு மீண்டும் ஆவியாகக்கூடிய அயோடினாக மாறும்.

விபத்துகள்
1979இல் அமெரிக்காவின் திரீ மைல் தீவு உலையில் எரிபொருளின் ஏறத்தாழப் பாதி உருகியது. எனினும் அயோடினின் பெரும்பகுதி நீரிலும் காப்புக் கட்டடத்தினுள்ளும் தங்கிவிட்டதால், ஏறத்தாழ 15 கியூரி மட்டுமே வெளியேறியது. 1986இல் செர்னோபில் உலை வெடித்துத் திறந்தது. அதற்கு முழுமையான காப்புக் கட்டடம் இல்லை. அங்கிருந்து ஏறத்தாழ 4.8 கோடி கியூரி அயோடின்-131 காற்றில் கலந்தது.

விளைவுகள்
புல்லில் படிந்த அயோடின், பசுவின் பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டு சுரப்பியை அடைந்தது. பெலருஸ், உக்ரைன், உருசியா ஆகிய நாடுகளில் சிறுவயதில் பாதிக்கப்பட்டோரிடையே தைராய்டுப் புற்றுநோய் பெருகியது. பொட்டாசியம் அயோடைடு மாத்திரையை உரிய நேரத்தில் உட்கொண்டால், சுரப்பி கதிரியக்க அயோடினை ஏற்பது பெரிதும் குறையும்.