இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்

அலுமினியத் தகடுகளைக் கெட்டி ரிவெட் அடித்து இணைப்பது தனி ஆளுக்கான வேலையல்ல. வெளியே நிற்பவர் காற்றழுத்தத் துப்பாக்கியை ரிவெட்டின் தலையில் வைத்து அடிப்பார். உள்ளே இருப்பவர் அதன் வால்முனையில் ஒரு இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்திருப்பார். அடி விழுவது வெளியே. ரிவெட் நசுங்கி, பரந்து, தகட்டைக் கவ்விக்கொள்வது உள்ளே, அந்தக் கட்டையின் மேல். நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், மாத்திரை வடிவத்தில் பளபளக்கும் வெள்ளிநிற வீடு. விளம்பரத்தில் அது எப்போதும் ஏதாவது பாலைவனத்தின் நடுவே தன்னந்தனியாக நிற்கும். யார் தயவும் தேவையில்லாத வாழ்க்கையின் சின்னம். ஆனால் அதன் வெளித்தோல் முழுக்க இருவர் சேர்ந்து அடித்த ரிவெட்டுகள்தான். இந்த முரண்தான் என்னை அதன் வரலாற்றுக்குள் இழுத்தது.

அந்த வடிவத்தின் மூலவர் ஹாலி போலஸ், கிளைடர் விமானங்களை வடிவமைத்தவர். 1927-இல் லிண்ட்பெர்க் தனி ஆளாக அட்லாண்டிக்கைக் கடந்த ‘ஸ்பிரிட் ஆஃப் செயிண்ட் லூயிஸ்’ விமானம் சான் டியாகோவில் கட்டப்பட்டபோது அந்த வேலையை மேற்பார்வை செய்தவர். தனியாகப் பறந்தவரை உலகமே கொண்டாடியது. அந்த விமானத்தைக் கட்டிய கும்பலை யாரும் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. விமானத்தில் கற்றதை வைத்து போலஸ் 1934-இல் ‘ரோட் சீஃப்’ என்ற அலுமினிய ட்ரெய்லரைச் செய்தார். அதற்குக் கதவு முன்பக்கம், இழுகொக்கிக்கு மேலே. உள்ளே ஏறுவதே ஒரு சர்க்கஸ். 1936-இல் அவர் நிறுவனம் திவாலானது. வாலி பையம் அந்த வடிவத்தை எடுத்து, கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, அதே ஆண்டு ‘கிளிப்பர்’ என்ற பெயரில் வெளியிட்டார். விலை 1,200 டாலர். பொருளாதாரப் பெருமந்தம் இன்னும் முடியாத காலத்தில் அது சின்னத் தொகை இல்லை.

அதே 1936-இல் நியூயார்க்கில் இன்னொன்றும் வெளியானது. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் வெளியிட்ட ‘கிரீன் புக்’. கறுப்பினப் பயணிகளுக்கு எந்த விடுதியில் அறை கிடைக்கும், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லும் கையேடு. ஒரே நாடு, ஒரே வருடம், ஒரே சாலை. ஒருவர் 1,200 டாலர் கொடுத்துத் தன் வீட்டையே கூட இழுத்துப் போனார். இன்னொருவர் தனக்குக் கதவைத் திறக்கும் முகவரிகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ‘திறந்த சாலை’ என்று அமெரிக்கர்கள் உருகும்போதெல்லாம், பழுப்புத் தோல்காரனான எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வருகின்றன.

பிறகு உலகப்போர் வந்தது. அலுமினியம் முழுக்க விமானங்களுக்குப் போக, ஏர்ஸ்ட்ரீம் மூடப்பட்டது. பையமே விமானத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அந்தத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான பெண்கள் சேர்ந்தார்கள். ‘ரோஸி த ரிவெட்டர்’ என்று கொண்டாடப்பட்டவர்கள். பாட்டிலும் போஸ்டரிலும் ரோஸி ஒருத்திதான். நிஜத்தில் தகட்டுக்கு அந்தப்பக்கம் கட்டையைப் பிடித்தபடி இன்னொருத்தி இருந்தாள்.

போருக்குப் பின் ஏர்ஸ்ட்ரீம் மீண்டும் எழுந்தது. 1952-இல் ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் தொழிற்சாலை வந்தது. பையம் விற்ற கனவு சுதந்திரம்தான், ஆனால் அவர் ஊர் சுற்றியது கூட்டத்தோடு. 1959-இல் 41 ட்ரெய்லர்களோடு கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை ஆப்பிரிக்காவைக் கடக்கக் கிளம்பினார். வண்டிகள் சேற்றில் புதைந்தன. ஒன்றையொன்று கயிறு கட்டி இழுத்துத்தான் நகர முடிந்தது.

பத்து வருடம் கழித்து, மனிதர்களைத் தனிமைப்படுத்துவதற்கென்றே ஒரு ஏர்ஸ்ட்ரீம் மாற்றியமைக்கப்பட்டது. 1969-இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள் மூவரையும் நோய்த்தொற்று பயத்தில் அதற்குள் அடைத்து வைத்தார்கள். அங்கேயும் கூடவே ஒரு மருத்துவரும் ஒரு பொறியாளரும் அடைபட்டிருந்தார்கள். தனிமைப்படுத்துவதற்கும் ரெண்டு ஆள் துணை தேவைப்பட்டிருக்கிறது!

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒஹாயோவில் இருக்கும் என் நண்பன். வேலை போன மாதத்தில் 1960-களின் ஏர்ஸ்ட்ரீம் ஒன்றை வாங்கினான். “இனி எவன் தயவும் வேணாம்டா. தோணுன இடத்துல நிறுத்திக்குவேன்” என்றான். வண்டியின் பின்பக்க பம்பர் மேல் ஏறி நின்றோம். உடம்புக்கும் பம்பருக்கும் நடுவே இடைவெளி வாயைத் திறந்தது. பின்சந்து வழியாகப் பல வருடம் கசிந்த தண்ணீர் பிளைவுட் தரையை மக்க வைத்திருந்தது. மேலே இருக்கும் கூடும் கீழே இருக்கும் இரும்புச் சட்டமும் அந்தத் தரையைக் கவ்வித்தான் ஒன்றாக நிற்கின்றன. தரை போனால் வண்டி இரண்டாகப் பிரிகிறது. உள்தகட்டைக் கழற்றினால் கண்ணாடி இழைப் பஞ்சுக்குள் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருந்தன.

சனி, ஞாயிறுகளில் ஐந்து பேர் கூடினோம். நான்கு பேர் மென்பொருள்காரர்கள், கீபோர்டைத் தவிர எதையும் பிடித்துப் பழகாத கைகள். ஐந்தாமவர் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற விமான மெக்கானிக். நான் உள்ளே கட்டையோடு, நண்பன் வெளியே துப்பாக்கியோடு. “எங்க அடிக்கிறன்னு எனக்கு எப்படிடா தெரியும்?” என்று உள்ளேயிருந்து நான் கத்தினால் அவன் காதில் விழாது. பெரியவர் பழைய விமானப் பட்டறையின் தட்டுமொழியைச் சொல்லிக்கொடுத்தார். உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்டினால் இன்னும் அடி. இரண்டு தட்டினால் சரியாக இருக்கிறது. மூன்று தட்டினால் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடு. நசுங்கிய வால் ரிவெட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும், பாதி உயரமும் இருக்கவேண்டும். அதைப் பார்க்க முடிந்தவர் உள்ளே இருப்பவர் மட்டும்தான். சாயங்காலத்துக்குள் நாங்கள் பேசுவதையே நிறுத்திவிட்டோம். தட்டல்களே போதுமாக இருந்தன.

தனி ஆளாகச் செய்ய வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஒலிம்பிக் ரிவெட் என்று ஒன்று. வெளியிலிருந்து ஒருவரே இழுத்துப் பொருத்தலாம். தலையைச் சீவிவிட்டால் பழையதைப் போலவே தெரியும். உள்தகட்டைக் கழற்றாத மேற்பகுதியில் நாங்களும் அதைத்தான் போட்டோம். தண்ணீர் கசிவதில்லை. ஆனால் கெட்டி ரிவெட்டின் பலம் அதற்குக் கிடையாது. பின்பக்கச் சந்துக்கு மட்டும் நண்பன் அதைத் தொட மறுத்துவிட்டான். “அங்க ஆள் வரட்டும், வெயிட் பண்றேன்” என்றான். எவன் தயவும் வேண்டாம் என்று சொன்னவன், அதற்காக மூன்று வாரம் காத்திருந்தான்.

ஜாக்சன் சென்டர் தொழிற்சாலையில் இன்றும் ஏர்ஸ்ட்ரீமின் கூட்டைக் கையால்தான் ரிவெட் அடிக்கிறார்கள். வெளியே ஒருவர், உள்ளே ஒருவர். வேலை முடிந்ததும் உள்தகட்டை மூடிவிடுகிறார்கள். உள்ளே நின்றவர் செய்தது அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படுவதில்லை, எப்போதாவது அந்த வண்டி பழுதாகி யாராவது பிரித்துப் பார்க்கும் வரை.