நிழலில் இருந்த முகம்

செய்திப் படங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் கமராவையும் அதை ஏந்தியவரையுமே பெரிதும் நினைவுகூர்கின்றனர். இருட்டறையில் பிலிம் கழுவியவர்களுக்கு அங்கே இடம் குறைவு. ஆயினும் எந்தப் பிலிமைத் தெரிவுசெய்வது, அதை எவ்வாறு கழுவுவது என்ற இரண்டு முடிவுகளில்தான் ஒரு காட்சி எஞ்சுவதும் அழிவதும் தங்கியிருந்தன.

கொடாக் நிறுவனம் 1954 இல் ட்றை-எக்ஸ் கறுப்பு வெள்ளைப் பிலிமை 35 மில்லிமீற்றர் அளவில் வெளியிட்டது. அப்போது 200 எனக் குறிக்கப்பட்ட அதன் வேகம், 1960 இல் அளவீட்டு முறை திருத்தப்பட்டபோது 400 ஆயிற்று. பிளாஷ் இன்றியே மண்டபத்துக்குள்ளும் மாலை வெளிச்சத்திலும் படமெடுக்க அது உதவியது. பிரித்தானியாவின் இல்போர்ட் நிறுவனம் 1976 இல் எச்.பி.5 ஐக் கொண்டுவந்தது. இத்தகைய வேகமான பிலிம்களில் மணிகள் பருத்துத் தெரியும். பத்திரிகைத் தாளில் அச்சாகும் படத்துக்கு அது பெருங்குறையன்று.

கழுவுவதற்கு டி-76. கொடாக்கின் ஜோன் கப்ஸ்டாஃப் 1920களின் பிற்பகுதியில் உருவாக்கிய கரைசல் இது. ஒரு லீற்றருக்கு மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100, ஹைதரோகுயினோன் 5, போராக்ஸ் 2. இச்சூத்திரம் எவருக்கும் மறைக்கப்படவில்லை. பொதி கிடைக்காவிடின் தராசில் நிறுத்து நாமே கலந்துகொள்ளலாம்.

ஆனால் கழுவும் நேர அட்டவணைகள் 20 பாகை செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் அதற்கு இணங்காது. தொண்ணூறுகளின் முற்பாதியில் மின்சாரமே இல்லாதபோது ஐஸ் கட்டிக்கு எங்கே போவது? 28 பாகையில் கழுவும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் படம் திட்டுத்திட்டாக வரும். ஆகவே கரைசலில் சமபங்கு நீர் கலந்து நேரத்தை நீட்டினோம், மருந்தும் மிச்சமாயிற்று. சூட்டில் ஊதும் ஜெலற்றின் படலத்தை இறுக்கப் படிகாரம். சுண்ணாம்பு நீர் விட்டுச்செல்லும் வெண்புள்ளிகளைத் தவிர்க்க, கடைசி அலசலுக்கு மழைநீர்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். தென்மராட்சியில் பாடசாலை மண்டபமொன்றுக்கு அரைச்சுருள் பிலிமுடன் சென்றேன். அந்தி நேரம். 400 வேகப் பிலிமை 1600 ஆகக் கருதிப் படமெடுத்தேன். நேரத்தைக் கூட்டிக் கழுவிச் சரிசெய்யலாம் என்பது எண்ணம். சுவரோரம் இருந்த மூதாட்டி ஒருவர் அழைத்தார். "தம்பி, என்ரை படத்தையும் பேப்பரிலை போடு. மகன் கண்டால் தேடி வருவான்" என்றார்.

அன்றிரவு கழுவிய நெகட்டிவில் ஜன்னலோரச் சிறுவன் தெளிவாக இருந்தான். மூதாட்டி இருந்த இடம் வெறுங்கண்ணாடி போல இருந்தது. ஒளி விழுந்த இடத்தைத்தான் கூடுதல் கழுவல் மேலும் கருமையாக்கும். ஒளி விழாத இடத்தில் அது எதையும் உருவாக்காது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். இருந்தும் ஜன்னலின் ஒளியை அளந்தேனேயன்றி, அவர் முகத்தை அளக்கவில்லை. சிறுவனின் படம் பத்திரிகையில் வந்தது.

ட்றை-எக்ஸும் எச்.பி.5 பிளஸும் இன்றும் விற்பனையாகின்றன. எந்தப் பிலிம் சிறந்தது, எந்தக் கரைசல் நல்லது என்று புலம்பெயர் நாடுகளிலிருந்து இளைஞர்கள் என்னிடம் கேட்கின்றனர். யாருடைய முகம் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள், அங்கே ஒளியை அளவுங்கள் என்பேன். அந்த நெகட்டிவ் இன்னும் என்னிடம் இருக்கிறது.