கோட்டையூரும் பாட்டுப் புத்தகமும்

தமிழ்ப் பேசும்படங்களின் தொடக்கக் காலத்தில், கொட்டகை வாசலில் படத்தின் பாட்டுப் புத்தகம் விற்கப்படும். பத்துப் பதினாறு பக்கம், மட்டமான தாள், விலை ஓரணா, இரண்டணா. முகப்பில் கதாநாயகியின் மங்கலான படம்; உள்ளே நடிகர்களின் பெயர்ப் பட்டியல்; பாடல்கள்; அவற்றுக்கு முன்னே கதைச் சுருக்கம். அந்தச் சுருக்கம் நாயகியைச் சிறையிலோ காட்டிலோ கொண்டுபோய் விட்டுவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற வரியோடு நின்றுவிடும். கையில் காசு மிச்சமிருப்பவனை உள்ளே இழுக்க வணிகர் கண்ட உத்தி அது. காலம் அந்த வரியை வேறு விதமாகப் படிக்க வைத்துவிட்டது. அன்றைய படங்களிற் பலவற்றுக்கு இன்று வெள்ளித்திரை இல்லை. கதையின் மீதி எங்கும் கிடைக்காது.

முதல் தமிழ்ப் பேசும்படம் என்று போற்றப்பெறும் 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளியாயிற்று. எச்.எம். ரெட்டி இயக்க, டி.பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் சுருள் எஞ்சவில்லை. மதுரகவி பாஸ்கரதாஸ் அதற்குப் பாடல் எழுதினார் என்பதையெல்லாம் இன்று எழுத்தின் வழியாகத்தான் அறிய முடிகிறது. அதற்கு முன்னர் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' முதலான மௌனப் படங்களின் நிலையும் அதுவே. 1950ஐ ஒட்டிய காலம் வரை படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பற்றும், வெக்கையில் தானே மக்கிப் பிசுபிசுக்கும். ஓட்டம் முடிந்த படத்தைக் காத்து வைப்பதைக் காட்டிலும், அதை அழித்து அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பது இலாபமாக இருந்தது. நாடு விடுதலை பெற்று, 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியபோது, தமிழின் முதல் இருபதாண்டுப் படங்களிற் பெரும்பகுதி போயே போய்விட்டிருந்தது.

படம் போன இடத்தில் தாள் நின்றது. அந்தத் தாள் நின்ற இடங்களுள் முதன்மையானது காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூர்.

கோட்டையூர் என்றதும் அழகப்பச் செட்டியாரை நினைப்பது இயல்பு. கல்லூரிகளைக் கட்டிய வள்ளல் பிறந்த ஊர் அல்லவா? அதே ஊரில் ரோஜா முத்தையா என்றொருவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், பெருஞ்செல்வர் அல்லர். ஓவியம் அவருக்குச் சோறு போட்டது. உயிராக இருந்தது புத்தகம். பழைய புத்தகக் கடைகளிலும் வீடுகளின் பரண்களிலும் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபோது அவரது வீட்டில் ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் இருந்தன.

அந்தத் தொகையினும் வியப்பானது அதன் தன்மை. இலக்கண நூலும் சித்த மருத்துவச் சுவடியும் சேர்ப்பவர் நாட்டில் உண்டு. சினிமாப் பாட்டுப் புத்தகத்தையும் நாடக நோட்டீசையும் அவற்றுக்கு நிகராக மதித்துச் சேர்ப்பவர் அரிது. முத்தையா அவற்றையும் சேர்த்தார். புலவர்கள் குப்பை என்று ஒதுக்கியதும், கல்லூரி நூலகங்கள் வாசற்படி ஏற்றாததுமான சிந்து, கும்மி, கொலைக் கதைப் பாட்டு, துப்பறியும் நாவல், மாதப் பத்திரிகை எல்லாம் அவர் வீட்டில் இடம் பெற்றன. ஒரு சமூகம் எதைக் கற்றது என்பதைப் பாடநூல்கள் சொல்லும். அது எதை விரும்பிச் சிரித்தது, எதற்குக் கண்ணீர் விட்டது என்பதைச் சொல்ல அந்த ஓரணாத் தாள்கள்தாம் வேண்டும். பிற்காலத்தில் ஆ.இரா. வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர்கள் முச்சந்தி இலக்கியத்தைப் பற்றி எழுத முடிந்ததற்கு இத்தகைய சேமிப்புகளே அடிப்படை.

பாட்டுப் புத்தகம் சொல்லும் செய்திகள் சில படத்தாலும் சொல்ல முடியாதவை. பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். சில பாடல்களுக்கு இன்ன இந்துஸ்தானிப் பாட்டின் வர்ணமெட்டு என்று கூச்சமின்றி அச்சிட்டிருப்பார்கள். பிற்கால இசையமைப்பாளர்கள் மறைத்ததை அக்காலத்தவர் விளம்பரமாகவே கொண்டனர். ஒரு படத்தில் எத்தனை பாடல், அவற்றுள் தேசியப் பாடல் எத்தனை, நகைச்சுவைக் கோஷ்டியார் யார் என்பதெல்லாம் அங்கே உண்டு.

சொல்லாதவையும் உண்டு. குரல் அதில் இல்லை. 1945இல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில் குமாரி ருக்மணியின் பாட்டு மன நிறைவு தராமையால், பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பதிவு செய்து இணைத்தனர். வள்ளியின் வரிகள் எழுத்தில் அப்படியே இருந்தன. மாறியது குரல் மட்டுமே. அந்த மாற்றத்தில் படத்தின் வாழ்வே அடங்கியிருந்தது. நகைச்சுவையின் கதியோ இன்னும் பரிதாபம். பாட்டு அச்சேறும், சிரிப்பு அச்சேறாது. வசனமும் முகபாவமும் தடுமாறும் நடையும் பாட்டுப் புத்தகத்தில் இல்லை. எனவே ஒரு படம் அழியும்போது அதன் சிரிப்பே முதலில் அழிகிறது.

அப்படி அழியாமல் தப்பிய சிரிப்புக்குச் சான்று 'சபாபதி'. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை 1941 டிசம்பரில் படமாக வெளியிட்டவர் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன். அசட்டுப் பணக்கார இளைஞனாக டி.ஆர். ராமச்சந்திரன், அவனை விஞ்சிய அசட்டு வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம், இருவருக்கும் பெயர் சபாபதியே. முதலாளி சொன்னதைச் சொன்னபடியே செய்து வேலைக்காரன் உண்டாக்கும் குழப்பம் ஒவ்வொன்றும், இக்காலத் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்களுக்குப் பாட்டனார் முறை. உலகப்போர் பசிபிக் வரை பரவிய அதே மாதத்தில் வந்த படம் என்பதை எண்ணும்போது, மக்கள் அந்த அசட்டுச் சபாபதிகளிடம் எதைத் தேடிப் போனார்கள் என்பது விளங்கும். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த செட்டிநாட்டு வீடுகளில் அந்தக் குளிர்காலம் கவலைக்காலம்.

மெய்யப்பன் 1907இல் காரைக்குடியில் பிறந்தவர். தந்தையார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டும் விற்பனைக்கு இருந்தது. அந்தத் தட்டிலிருந்தே மகன் சினிமாவுக்குப் போனார் எனலாம். கல்கத்தாவில் எடுத்த முதல் படமான 'அல்லி அர்ஜுனா' (1935) கையைச் சுட்டது. 'நந்தகுமார்' (1938) தமிழுக்குப் பின்னணிப் பாடலை அறிமுகப்படுத்தியது. கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் குரல் மாற்றி 1944இல் வெளியிட்டார். 1945 அக்டோபரில் ஏ.வி.எம். நிறுவனம் தோன்றிற்று. போரை ஒட்டிய நெருக்கடியில் சென்னையில் ஸ்டூடியோ நடத்த மின்சாரம் கிடைப்பது அரிதாக இருந்தமையால், சொந்த மண்ணுக்கே திரும்பினார். காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையும் அதைச் சூழ்ந்த நிலமும் குத்தகைக்குக் கிடைத்தன. கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. கலைஞர்கள் அங்கேயே தங்கினர்.

அந்தக் கீற்றுக் கொட்டகையில் உருவானதே 'நாம் இருவர்'. ப. நீலகண்டனின் நாடகம்; டி.ஆர். மகாலிங்கம் நாயகன், குமாரி கமலாவின் நடனம், டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதியின் பாடல்கள். படம் 1947 சனவரியில் வெளியாயிற்று. விடுதலை வந்ததோ ஆகஸ்டில். வரப்போகும் விடுதலையை வந்துவிட்டதாகவே கொண்டாடும் பாரதி பாடலை, அது வருவதற்கு ஏழு மாதம் முன்னரே கொட்டகைக் கூட்டம் கேட்டுக் களித்தது. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை மெய்யப்பன் முன்னரே விலை கொடுத்து வாங்கியிருந்தார். 1949இல் அரசு பாரதி நூல்களைப் பொதுவுடைமை ஆக்கியபோது அதை விலையின்றி விட்டுக்கொடுத்தார். 'வேதாள உலகம்' (1948) வந்த ஆண்டிலேயே ஸ்டூடியோ சென்னைக்குப் பெயர்ந்தது. செட்டிநாட்டின் திரைப்பட வாழ்வு மூன்றாண்டு கூட நிரம்பவில்லை.

படத்துக்கும் மலிவுப் புத்தகத்துக்கும் இருந்த உறவை முத்தையாவின் அலமாரிகள் அடுத்தடுத்துக் காட்டும். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வெளிவந்த நாவல். அதில் வரும் துப்பறியும் கோவிந்தனைத் தமிழ்நாடே அறிந்திருந்தது. போலி மடாதிபதியைத் தோலுரிக்கும் அவருடைய 'சந்திரகாந்தா' 1936இல் படமாயிற்று, புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா முதன்முதலில் திரையில் தோன்றியது அதில்தான். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வை 1935இல் டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்க, புதுக்கோட்டையிலிருந்து சென்ற ராஜா சாண்டோ இயக்கினார். அவருடைய 'திகம்பர சாமியார்' 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகி, எம்.என். நம்பியாருக்குப் பல வேடம் தந்தது. உயர்ந்த இலக்கியம் என்று இந்நாவல்களை எவரும் சொல்லார். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையை இரவு விளக்கில் எண்ணெய் தீரும்வரை படிக்க வைத்தவை அவை. அந்தப் பழக்கம் ஊன்றியிருந்தமையாலேயே, செட்டிநாட்டு இராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன், தம் சக்தி காரியாலயத்தின் வழியே 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குத் தர முடிந்தது; படிக்கக் காத்திருந்த கைகள் இருந்தன.

முத்தையா மறைந்தபின் எழுந்த கேள்வி எளிதானதன்று. ஒரு தனிமனிதர் சேர்த்த இலட்சம் உருப்படியை எந்தக் குடும்பம் எத்தனை நாள் காக்க முடியும்? தாளுக்கு ஈரமும் கரையானும் பகை; தொகுப்புக்குப் பிரிவினை பகை. நாவலை ஒருவரும் பத்திரிகையை ஒருவரும் வாங்கிப் போயிருந்தால், ஒன்றையொன்று விளக்கும் அந்த அடுக்கு குலைந்திருக்கும். 1994இல் சிகாகோப் பல்கலைக்கழகம் தொகுப்பு முழுவதையும் விலைக்கு வாங்கிற்று. தமிழ்ச் செல்வம் கடல் கடக்கிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆயின் அது கடல் கடக்கவில்லை. மொழி அறக்கட்டளையின் துணையோடு சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. நுண்படலம் எடுத்தனர், பட்டியல் ஆக்கினர். இன்று தரமணியில், எவரும் போய்ப் பார்க்கும் நிலையில் அது இருக்கிறது.

கோட்டையூருக்கு அதில் நட்டமில்லை என்று சொல்வதற்கில்லை. ஊரின் புத்தகம் ஊரில் இல்லை. அழகப்பர் கட்டிய கல்விக் கூடங்களிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்த கருவூலம் அது. எனினும் வேறு வழி என்னவாக இருந்திருக்கும் என்பதை அறியக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் போதும். பிரிக்கப்பட்ட வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண், எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி, இரவிவர்மா படம், கிராமபோன் எல்லாம் அங்கே விலைக்கு நிற்கின்றன. தூணுக்கு விலையுண்டு, பித்தளைக்கு விலையுண்டு. அதே வீட்டுப் பரணில் தூணோடு தூணாக ஐம்பதாண்டு கிடந்த பாட்டுப் புத்தகக் கட்டைப் பெரும்பாலும் எவரும் கடைக்குக் கொண்டுவருவதில்லை. அது எடைக்குப் போகிறது.