பஞ்சத்தை வார்த்த சிற்பி

கொழும்பு நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் அதன் முன்றிலில் உயர்ந்த பீடத்தின்மீது நிற்கும் ஒரு சிலையைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். "இவர் யார், சேர்?" என்று மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். சேர் வில்லியம் கிரகரி, 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதி, இந்நூதனசாலையைக் கட்டுவித்தவர், வடமத்திய மாகாணத்தை அமைத்தவர், நுவரெலியாவில் உள்ள வாவிக்கும் இவர் பெயரே என்று பாடப்புத்தகத்தை ஒப்புவிப்பதுபோல் ஒப்புவித்தேன். எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவே. அம்மனிதரின் வரலாற்றின் மற்றைய பாதியை நான் அறிய நேர்ந்தது, அயர்லாந்துச் சிற்பி ரோவன் கில்லெஸ்பியின் ஆக்கங்களைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோதுதான்.

கில்லெஸ்பி 1953ஆம் ஆண்டு டப்ளினிற் பிறந்தவர். அவரது குழந்தைப் பருவம் சைப்பிரசுத் தீவிற் கழிந்தது. அத்தீவு 1960 வரை பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்தது என்பதும், ஐம்பதுகளின் பிற்பாதியில் அங்கு ஆயுதப் போராட்டம் மூண்டது என்பதும் வரலாறு. ஆயினும் அவை ஒரு சிறுவனின் மனத்தில் என்ன விதைத்தன என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. கலைஞனின் தொட்டிலைக் கொண்டே அவன் கலை முழுவதையும் விளக்கிவிடும் விமரிசனம் நம்மிடையே வேண்டிய அளவுக்கு மலிந்துவிட்டது. இங்கிலாந்தின் யோர்க் நகரிற் கலை பயின்றபோது அவர் மெழுகு வார்ப்பு முறையைக் கற்றார். பின்னர் நோர்வே சென்று ஒஸ்லோவிற் பயின்றார். ஓவியர் எட்வர்ட் மூங்கின் படைப்புகளோடு அங்கு நெருங்கிய பரிச்சயம் ஏற்பட்டது. 1977இல் தாயகம் திரும்பி, டப்ளினை அடுத்த பிளக்ரொக்கில் தமக்கென ஒரு வார்ப்புச்சாலையை நிறுவினார்.

மெழுகு வார்ப்பு நமக்குப் புதியதன்று. பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பட்டு, அதே கொழும்பு நூதனசாலையிற் பேணப்படும் சைவப் படிமங்கள் இம்முறையால் வார்க்கப்பட்டவையே. மெழுகில் உருவத்தை ஆக்கி, அதன்மேல் மண்ணைப் பூசிச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படும். நம் படிமங்கள் பெரும்பாலும் கெட்டியாக வார்க்கப்பட்டவை. மேலைநாட்டுப் பெருஞ்சிற்பங்களோ உள்ளீடற்றவை. துண்டுதுண்டாக வார்த்துப் பின்னர் பற்றவைக்கப்படுபவை. இன்றைய சிற்பிகளுட் பலர் மாதிரியுருவைச் செய்து முடித்ததும் அதனை வார்ப்புச்சாலைக்கு அனுப்பிவிடுகின்றனர். உலையின் முன்னின்று வெந்தவன் பெயர் சிற்பத்தின் எப்பக்கத்திலும் இராது. கில்லெஸ்பி இப்பிரிவினையை ஏற்கவில்லை. மெழுகு, அச்சு, உலை, பற்றவைப்பு, இறுதியில் உலோகத்துக்கு நிறமேற்றல் ஆகிய அனைத்தையும் தாமே, தன்னந்தனியாகச் செய்கிறார். இதனைச் சோசலிச உழைப்பின் முன்மாதிரி என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை. இது பழைய கைவினைஞனின் சுதந்திரம். வாய்ப்பும் வசதியும் உள்ள சிலருக்கே கைகூடுவது. எனினும் மூளையையும் கையையும் பிரித்துவைத்திருக்கும் ஒரு சமுதாயத்தில் இது கருதத்தக்க ஒரு மறுப்பே.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அவர் கலைக்கூடங்களுக்காகப் படைப்பதைப் பெரும்பாலும் கைவிட்டு, குறிப்பிட்ட ஓர் இடத்துக்கென்றே வடிக்கும் பொதுச் சிற்பங்களுக்குத் திரும்பினார். அவற்றுள் தலையாயது, 1997இல் டப்ளினின் கஸ்டம் ஹவுஸ் துறையில், லிபி ஆற்றின் கரையில் நிறுவப்பட்ட 'பஞ்சம்'. ஆளுயரமுள்ள மனிதர் சிலர் கப்பலை நோக்கி நடக்கின்றனர். கந்தல் உடை, எலும்பின்மேல் ஒட்டிய தோல், மார்போடு அணைத்த சிறு மூட்டை. ஒருவன் துவண்டுபோன பிள்ளையைத் தோளிற் சுமந்து வருகிறான். பின்னால் ஒரு நாய். படங்களை வகுப்பிற் காட்டியபோது மாணவர் முதலிற் கேட்டது அந்த நாயைப் பற்றித்தான்: எசமானைப் பிரிய மனமின்றித் தொடர்கிறதா, அல்லது எவனாவது விழுவான் என்று தொடர்கிறதா? சிற்பி அதற்கு விடை வைக்கவில்லை. 1846ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் திகதி, பஞ்சத்துக்குத் தப்பியோடியோரை ஏற்றிக்கொண்டு 'பெர்செவரன்ஸ்' என்ற கப்பல் நியூயோர்க்குக்குப் புறப்பட்டது இத்துறையிலிருந்தே.

1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அயர்லாந்தின் மக்கள் தொகை 80 இலட்சத்துக்கு மேல். 1851இல் அது ஏறக்குறைய 65 இலட்சம். பத்து இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். 1845இல் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோய் இயற்கையின் செயல். ஆனால் அந்த ஒரு பயிரை மட்டுமே நம்பி ஏழைக் குடியானவன் வாழ நேர்ந்தது நிலவுடைமையின் செயல். மக்கள் மடிந்த ஆண்டுகளிலும் தானியமும் கால்நடைகளும் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. இலண்டன் திறைசேரியிலிருந்து நிவாரணத்தை நடத்திய சார்ல்ஸ் திரெவெலியன் சந்தையின் விதிகளிற் கைவைக்க அஞ்சினார். 1859இல் அவரே சென்னையின் கவர்னராக வந்தார்.

நூதனசாலை முன்றிலில் நிற்பவர் இங்கேதான் வருகிறார். 1847இல் வில்லியம் கிரகரி டப்ளின் நகரின் பாராளுமன்ற உறுப்பினர். கோல்வே மாவட்டத்து நிலப்பிரபுக் குடும்பத்தவர். வறியோர் சட்டத் திருத்தம் விவாதிக்கப்பட்டபோது அவர் ஒரு வாசகத்தைச் சேர்க்கப் பிரேரித்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் எவனும் பொது நிவாரணம் பெறத் தகுதியற்றவன் என்பதே அது. 117 வாக்குகள் ஆதரவு, 7 எதிர்ப்பு. பசித்த குடியானவன் நிலத்தைக் கைவிட்டால் கஞ்சி. நிலத்தைப் பற்றிக்கொண்டால் சாவு. நிலத்தை விட்டவன் பெரும்பாலும் குடிசையையும் இழந்தான். சிறு குடிகளை அகற்றிவிட்டு நிலத்தை மேய்ச்சலுக்கு மாற்றக் காத்திருந்த பிரபுக்களுக்கு இதனிலும் வசதியான கருவி வேறு இருந்திருக்க முடியாது. 'கிரகரி வாசகம்' என்றே அது இன்றும் வரலாற்று நூல்களில் அறியப்படுகிறது.

இலங்கையில் அவர் குளங்களைத் திருத்தியதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் ஆட்சியின் கடைசி மாதங்களிலேதான், 1876இற் தொடங்கிய சென்னை மாகாணப் பஞ்சத்துக்குத் தப்பி, நம் கோப்பித் தோட்டங்களை நோக்கித் தமிழ்நாட்டு உழவர் கூட்டங்கூட்டமாக வந்திறங்கினர். டப்ளின் துறையில் நடக்கும் அந்த வெண்கல மனிதரின் நடை நமக்கு அந்நியமானதன்று.

இன்னோர் தொடர்பும் உண்டு. கிரகரியின் மனைவி அகஸ்தா, கணவர் மறைந்த பின்னர், கவிஞர் யேற்சின் தோழியாகவும் அயர்லாந்து நாடக இயக்கத்தின் தூணாகவும் விளங்கினார். அந்த யேற்சுக்கு 1989இல் ஸ்லைகோ நகரிற் சிலை வடித்தவரும் கில்லெஸ்பியே. மெலிந்து நெடிதுயர்ந்த அவ்வுருவத்தின் உடையெங்கும் கவிஞரின் வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அழகிய வேலை, ஆனால் 'பஞ்ச'த்தின் கனம் அதில் இல்லை.

'பஞ்சம்' சிற்பத்தின் மீதும் ஒரு குறை கூறியாக வேண்டும். நோர்மா ஸ்மர்பிற் என்ற சீமாட்டியின் முயற்சியால் எழுந்து நகருக்கு வழங்கப்பட்டது அது. பொருளுதவி செய்தோரின் பெயர்கள் வெண்கலத் தகடுகளில் அதன் காலடியிற் பதிக்கப்பட்டன. மாண்டவனுக்குப் பெயரில்லை, கொடுத்தவனுக்குப் பெயருண்டு. அருகிலேயே வங்கிகளும் நிதிநிறுவனங்களும் நிரம்பிய மாளிகைகள். இப்பழி சிற்பியைச் சாராது என்பார் உளர். இடத்துக்கெனவே படைப்பவன் இடத்தின் பழியிலும் பங்காளி என்றே நான் கருதுகிறேன்.

பத்தாண்டுகளின் பின் ரொறன்ரோவில் அக்குறை ஓரளவு நீங்கியது. 1847இல் ஏறத்தாழ இருபதினாயிரம் பேரே வாழ்ந்த அந்நகரில் 38,000க்கு மேற்பட்ட அயர்லாந்து அகதிகள் வந்திறங்கினர். 1,100க்கு மேற்பட்டோர் அங்கேயே இறந்தனர். 2007இல் திறக்கப்பட்ட 'அயர்லாந்து பூங்கா'வில் கில்லெஸ்பியின் உருவங்கள் கரையேறுகின்றன. டப்ளினிற் புறப்பட்டவர்களிலும் இவர்கள் தொகையிற் குறைந்தவர்கள். ஒருவன் இரு கைகளையும் வானோக்கி உயர்த்துகிறான். ஒரு கர்ப்பிணி வயிற்றைப் பற்றியபடி நிற்கிறாள். ஒருத்தி தரையில் வீழ்ந்து கிடக்கிறாள். அவர்களுக்குப் பின்னால் எழுந்து நிற்பவை பழைய தானியக் களஞ்சியங்கள். அயர்லாந்திலிருந்து கொணர்ந்த சுண்ணக்கற் தூண்களின் இடுக்குகளில், இறந்தோருள் தேடிக் கண்டறியப்பட்ட அறுநூறுக்கு மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன.

அதே ஆண்டில் டப்ளினின் கில்மைனம் சிறைக்கு எதிரே 'பிரகடனம்' எழுந்தது. 1916 எழுச்சியின் பின்னர் அச்சிறையிற் சுடப்பட்டவர்கள் பதினால்வர். காயமுற்ற நிலையில் நாற்காலியில் இருத்திச் சுடப்பட்ட தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கொனொலி அவர்களுள் ஒருவர். கண்கள் கட்டப்பட்ட, குண்டு துளைத்த உருவங்கள் வட்டமாக நிற்கின்றன. முகத்தோற்றம் எதனையும் சிற்பி கொடுக்கவில்லை.

2017இல் தஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்தில் அவர் வடித்த பெண்களும் குழந்தையும் நிறுவப்பட்டனர். 1853 வரை அத்தீவுக்குக் கைதிகளாக நாடு கடத்தப்பட்ட பெண்கள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் சிறு களவுகளுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். பஞ்ச ஆண்டுகளில் உணவும் துணியும் திருடிய அயர்லாந்துப் பெண்களும் அவர்களுள் உண்டு. டப்ளினிற் போலவே இங்கும் உருவங்களுக்குப் பீடம் இல்லை. கப்பலிலிருந்து இறங்கி வருபவர்கள் அவர்களுக்கிடையே நடந்தே நகருக்குள் செல்கின்றனர்.