மரக்கோலும் உலோகக்கோலும்

நோயாளன் ஒருவன் சுகமடைந்தேன் என்று கூறும்போது, அச்சுகத்தை அளித்தது எது என அறிவது எளிதன்று. வைத்தியக் கருவியொன்றின் பழைய வரலாறு இதனை நமக்குத் தெளிவுறுத்தும்.

ஐக்கிய அமெரிக்காவின் கொனெக்ரிக்கட் மாநிலத்து வைத்தியரான எலிசா பேர்க்கின்ஸ், 1796ஆம் ஆண்டில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கூரிய முனையுடைய இரு சிறு உலோகக்கோல்களே அக்கருவி. நோவுள்ள இடத்தின்மீது அவற்றை இழுத்தால் நோவு அகலும் என்றார் அவர். மாநில வைத்தியச் சங்கம் 1797இல் அவரை நீக்கியும் கோல்களின் புகழ் குன்றவில்லை. அவர் மகன் பெஞ்சமின் இலண்டனில் அவற்றை ஐந்து கினிக்கு விற்றார். நலம் பெற்றோம் எனப் பலர் சான்று பகர்ந்தனர்.

இங்கிலாந்தின் பாத் நகரில் வாழ்ந்த ஜோன் ஹேகார்த் என்னும் வைத்தியர் அவர்களோடு வாதாடவில்லை. மரத்தாற் கோல்கள் செய்வித்து, உலோகம்போல் தோன்ற வண்ணந் தீட்டுவித்தார். 1799 சனவரி 7ஆம் நாள், நாட்பட்ட வாதநோயினர் ஐவர்மீது அவற்றை இழுத்தபோது, நால்வர் நோவு தணிந்தது என்றனர். மறுநாள் உலோகக்கோல்களைப் பயன்படுத்தினர், விளைவு வேறுபடவில்லை.

அந்நால்வரும் பொய்யுரைத்தாரல்லர். அவர்கள் உணர்ந்த ஆறுதல் மெய். அதனை உலோகம் தந்தது என்பதே தவறு. நோயை உண்டாக்கவும் தீர்க்கவும் மனக்கற்பனை வல்லது என்பதை ஹேகார்த் 1800இல் நூலாக வெளியிட்டார்.

அம்முறை இன்றும் வழங்குகின்றது. சுருங்கிய இருதய நாடியை விரித்து வைக்கும் ஸ்டென்ற் என்னும் சிறு குழாயை, மருந்துண்டு வந்த நெஞ்சுநோவு நோயாளர் 200 பேரிடம் பிரித்தானியாவிற் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். ஒருசாராருக்குக் குழாயைப் பொருத்தினர். மறுசாராருக்குப் பாவனைச் சிகிச்சை மட்டும் செய்தனர். எது செய்யப்பட்டது என்பதை நோயாளர் அறியார். எனினும் இம்முறைக்கு முன்னரே இசைந்தவர்கள். ஆறு வாரத்தின்பின் இருசாராரின் உடற்பயிற்சித் திறனில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஆயின் நோவுமருந்துகளை நிறுத்தி 301 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2023இல் வெளிவந்தபோது, குழாய் பெற்றோருக்கே நெஞ்சுநோவு கூடுதலாகக் குறைந்திருந்தது. மாரடைப்பு வேளையிற் செய்யும் சிகிச்சை இதனின் வேறானது.

உடலினுள் கருவியை ஏற்கும் நோயாளர் அதற்குரிய ஆபத்தையும் ஏற்கின்றனர். ஆதலின் அதன் பயன் எவ்வளவு என அறிவது அவர்தம் உரிமை. மரக்கோல் நற்கருவிக்குப் பகையன்று. அதன் தகுதியை நிலைநாட்டும் சான்றும் அதுவேயாகும்.