ஒலிம்பியாவின் அபராதச் சிலைகள்

கிரிக்கெட்டில் சூதாட்டம் என்றோ ஓட்டப்பந்தயத்தில் ஊக்கமருந்து என்றோ பேப்பரில் செய்தி வந்துவிட்டால் போதும், காலை நடைக்கு வரும் நண்பர்களில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "எல்லாம் பணம் உள்ளே வந்ததால் வந்த கேடு சார். அந்தக் காலத்துக் கிரேக்கர்களைப் பாருங்கள், வெறும் ஆலிவ் இலை மகுடத்துக்காக ஓடினார்கள்!"

ஆலிவ் மகுடம் உண்மைதான். ஒலிம்பியாவில் வென்றவனுக்கு அங்கே காசு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அவன் ஊர் திரும்பிய பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒலிம்பியாவில் வென்ற ஏதென்ஸ்காரனுக்கு 500 டிராக்மா கொடுக்கவேண்டும் என்று சோலோன் சட்டம் செய்ததாக புளூட்டார்க் எழுதுகிறார். அந்தக் காலத்தில் ஒரு ஆட்டின் மதிப்பு ஒரு டிராக்மா என்றும் அவரே சொல்கிறார். அப்படியென்றால் ஒரு வெற்றிக்கு ஒரு பெரிய ஆட்டு மந்தையே பரிசு. இது போக, ஊர்ப் பொதுமண்டபத்தில் ஆயுள் முழுக்க இலவசச் சாப்பாடு. 'அத்லெட்' என்ற சொல்லே 'பரிசு' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். பரிசுக்காகப் போட்டியிடுகிறவன் என்று அர்த்தம்.

இவ்வளவு இருக்கும்போது ஏமாற்றுவதற்கு ஆசை வராமல் இருக்குமா? வரும் என்று கிரேக்கர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடு முழுக்கச் சுற்றிப் பயணநூல் எழுதிய பௌசானியஸ், போட்டிக்கு முன் நடந்த சத்தியப்பிரமாணத்தை விவரிக்கிறார். இரண்டு கைகளிலும் இடியை ஏந்தி நிற்கும் ஜீயஸ் சிலை. அதன் முன்னே வெட்டிய காட்டுப்பன்றியின் இறைச்சித் துண்டங்கள் மேல் வீரர்கள் சத்தியம் செய்யவேண்டும். தவறு எதுவும் செய்யமாட்டோம், பத்து மாதம் முறைப்படி பயிற்சி செய்திருக்கிறோம் என்று. வீரர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய அப்பா, அண்ணன் தம்பிகள், பயிற்சியாளர்கள் எல்லோருமே சத்தியம் செய்யவேண்டும். லஞ்சம் வாங்கமாட்டோம் என்று நடுவர்களும் தனியாகச் சத்தியம் செய்வார்கள். எவ்வளவு அனுபவப்பட்டவர்கள் இப்படி ஒரு பட்டியலைப் போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சத்தியத்தை மீறி முதலில் மாட்டிக்கொண்டவன் யூப்போலஸ் என்ற குத்துச்சண்டை வீரன், தெசலி நாட்டைச் சேர்ந்தவன். கி.மு. 388-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தன்னோடு மோதவிருந்த மூன்று பேருக்கு அவன் காசு கொடுத்தான். அந்த மூவரில் ஒருவன் போர்மியோ. அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில் வென்றவனே அவன்தான்! நான்கு பேருக்கும் அபராதம் விழுந்தது. அந்தப் பணத்தில் ஜீயஸுக்கு ஆறு வெண்கலச் சிலைகள் செய்து, விளையாட்டரங்குக்குப் போகும் வழியில் வரிசையாக நிறுத்தினார்கள். 'ஸானெஸ்' என்று அவற்றுக்குப் பெயர். ஒலிம்பிக் வெற்றி காசால் வருவதல்ல, கால்களின் வேகத்தாலும் உடலின் வலிமையாலும் வருவது என்ற கருத்து முதல் சிலையின் கீழே பொறிக்கப்பட்டிருந்தது.

சிலைகள் இன்று இல்லை. அவை நின்ற கல்பீடங்கள் ஒலிம்பியாவில் இன்னும் இருக்கின்றன. போட்டிக்கு ஓடுகிற ஒவ்வொரு பையனும் அந்த வரிசையைக் கடந்துதான் அரங்கத்துக்குள் நுழையவேண்டும்.

அந்தக் காட்சியால் எல்லோரும் திருந்திவிட்டார்களா என்றால், இல்லை. கி.மு. 332-இல் காலிப்பஸ் என்ற ஏதென்ஸ்காரன் ஐவகைப் போட்டியில் எதிராளிகளுக்கு லஞ்சம் கொடுத்து அகப்பட்டான். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஏதென்ஸ் நகரம் வெட்கப்படவில்லை. தன்னுடைய பிரபல பேச்சாளர் ஹைபரைடிஸை அனுப்பி, அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வாதாடியது. போட்டியை நடத்திய எலிஸ் நாட்டார் மசியவில்லை. உடனே ஏதென்ஸ் பணமும் கட்டாமல் ஒலிம்பிக்கையும் புறக்கணித்தது. கடைசியில் டெல்ஃபி கோயில் தலையிட்டு, அபராதத்தைக் கட்டும்வரை உங்களுக்கு அருள்வாக்கு கிடையாது என்று சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது. இன்னும் ஆறு சிலைகள் முளைத்தன. நம்ம ஊர்ப் பையன் என்றால் தப்பைத் தப்பு என்று சொல்ல மனசு வராது போலிருக்கிறது, எந்தக் காலத்திலும்.

கி.மு. 12-இல் நடந்தது இன்னும் மோசம். சிறுவர் மல்யுத்தத்தில் எலிஸைச் சேர்ந்த பாலிக்டரும் ஸ்மிர்னாவைச் சேர்ந்த சொஸாண்டரும் மோதவேண்டும். தன் மகன் ஜெயிக்கவேண்டும் என்று பாலிக்டரின் அப்பா, சொஸாண்டரின் அப்பாவுக்குக் காசு கொடுத்துவிட்டார். நடுவர்கள் பையன்களை விட்டுவிட்டு இரண்டு அப்பாக்களுக்கும் அபராதம் போட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. அப்பாக்களையும் ஏன் சத்தியம் செய்யச் சொன்னார்கள் என்பதும் இப்போது புரிகிறது அல்லவா? போட்டியை நடத்தும் எலிஸ்காரனே இதைச் செய்துவிட்டானே என்று பௌசானியஸ் மனம் நொந்து எழுதுகிறார்.

நடுவர்களும் எப்போதும் நிமிர்ந்து நின்றார்கள் என்று சொல்லமுடியாது. ரோமப் பேரரசன் நீரோவின் வசதிக்காக ஒலிம்பிக்கையே தள்ளிவைத்து கி.பி. 67-இல் நடத்தினார்கள். பத்துக் குதிரை பூட்டிய தேரை ஓட்டிய நீரோ கீழே விழுந்தான். மறுபடி ஏற்றிவிட்டும் பந்தயத்தை முடிக்கமுடியவில்லை. ஆனாலும் மகுடம் அவனுக்கே! நடுவர்களுக்கு அவன் கொடுத்தது 2,50,000 டிராக்மா. அவன் செத்த பிறகு வந்த கால்பா அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டான். அந்த ஆண்டுப் போட்டியையே எலிஸ்காரர்கள் தங்கள் பதிவேட்டில் சேர்க்கவில்லை.

இவையெல்லாம் பிடிபட்டவர்களின் கதை. பிடிபடாமல் நடந்தது எப்படி இருந்திருக்கும்? எகிப்தின் ஆக்ஸிரின்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் அதைக் காட்டிக்கொடுக்கிறது. 2014-இல்தான் அதைப் படித்து வெளியிட்டார்கள். கி.பி. 267-இல் அன்டினோபொலிஸ் நகரத்து விழாவில் நடக்கவிருந்த சிறுவர் மல்யுத்தம் பற்றிய ஒப்பந்தம் அது. ஒரு தரப்பு நிகாந்தினூஸ் என்ற பையனின் அப்பா. மறுதரப்பு டெமெட்ரியஸ் என்ற பையனின் ஜாமீன்தாரர்கள். டெமெட்ரியஸ் மூன்று முறை விழுந்து தோல்வியை ஒப்புக்கொள்ளவேண்டும். கூலி 3,800 டிராக்மா. பெரிய தொகை என்று நினைக்காதீர்கள், ஒரு கழுதை வாங்கலாம், அவ்வளவுதான்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில், அந்தப் பத்திரத்தின் அமைப்பைப் பார்த்து அசந்துபோனேன். நடுவர்கள் கண்டுபிடித்து யாருக்கும் மகுடம் தராமல் போனால் டெமெட்ரியஸ் மேல் வழக்குப் போடக்கூடாது என்று ஒரு ஷரத்து. பேச்சு மாறி அவன் ஜெயிக்கப் பார்த்தால் மூன்று தாலந்து வெள்ளி நஷ்டஈடு என்று இன்னொரு ஷரத்து. ஒரு தாலந்து 6,000 டிராக்மா. அதாவது வாங்கும் கூலியைப்போல ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. திருட்டு வேலைக்கு இவ்வளவு சுத்தமான பத்திரம்! எந்த நீதிமன்றத்துக்கு இதை எடுத்துப்போவதாக இருந்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சின்னப் பையன்கள் இருவர் மண்ணில் புரள, பெரியவர்கள் உட்கார்ந்து எழுதிய கணக்கு இது.

டெமெட்ரியஸ் போன்ற பையன்கள் ஏன் சம்மதித்தார்கள்? அதே நூற்றாண்டில் உடற்பயிற்சி பற்றி நூல் எழுதிய ஃபிலோஸ்ட்ராட்டஸ் ஒரு காரணம் சொல்கிறார். பயிற்சியாளர்களே வீரர்களுக்குக் கடன் கொடுத்தார்களாம், கடல் வாணிகர்கள் கட்டுவதைவிட அதிக வட்டிக்கு. கடனில் மூழ்கியவன் வெற்றியை விற்காமல் வேறு எதை விற்பான்? பணத்தாசை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதற்குப் பின்னால் பல சமயம் பணநெருக்கடி இருக்கிறது.

அப்படியானால் 'காசைத் தொடாத கிரேக்க வீரன்' எங்கிருந்து வந்தான்? 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து. அங்கே கூலிக்கு வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து விளையாடக் கனவான்களுக்கு விருப்பமில்லை. கைவினைஞர், தொழிலாளி யாரும் 'அமெச்சூர்' ஆகமுடியாது என்று ஹென்லி படகுப்போட்டிக்காரர்கள் 1879-இல் விதியே எழுதினார்கள். இந்த அமெச்சூர் கொள்கைக்குக் கிரேக்கர்களின் பெயர் நல்ல அலங்காரமாக அமைந்தது. 1894-இல் கூபெர்தான் பாரிஸில் மாநாடு கூட்டி ஒலிம்பிக்கை உயிர்ப்பித்தபோது, இந்தக் கொள்கையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்கு விலை கொடுத்தவர் ஜிம் தோர்ப். அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐவகைப் போட்டி, பத்துவகைப் போட்டி இரண்டிலும் தங்கம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கோடைக்காலத்தில் சிறு ஊர் அணிகளுக்கு பேஸ்பால் ஆடிச் சொற்பப் பணம் வாங்கியிருந்தார் என்று 1913-இல் இரண்டு பதக்கங்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். யாரையும் அவர் ஏமாற்றவில்லை. யாருக்கும் லஞ்சம் தரவில்லை. ஆட்சேபம் சொல்லவேண்டிய 30 நாள் கெடுவும் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. 1953-இல் அவர் இறந்துபோனார். 1982-இல் இணை வெற்றியாளர் என்று ஒப்புக்கொண்டார்கள். தனி வெற்றியாளர் என்று பட்டியலில் திருத்த 2022 ஆகிவிட்டது.

ஒலிம்பியாவின் நடுவர்கள் முன்னால் தோர்ப் நின்றிருந்தால் ஆலிவ் மகுடத்தோடுதான் வீடு திரும்பியிருப்பார். காசு வாங்குவது அவர்கள் கண்ணில் குற்றமே இல்லை. காசு வாங்கிக்கொண்டு தோற்பதுதான் குற்றம். அந்த வேறுபாடு அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. தப்பு நடந்தபோது மூடி மறைக்காமல், செய்தவன் பெயரைப் பொது இடத்தில் எல்லோரும் பார்க்க எழுதிவைக்கும் துணிவும் இருந்தது. கிரேக்கர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் மேல் நாம் ஏற்றிவைத்த புனிதத்தை அவர்களே கேட்டால் சிரித்திருப்பார்கள்.