பாட்டுக்குப் பொருள் சொல்லும் முன் தேதியைக் கேளுங்க



திரைப்பாட்டை வகுப்பறைக்குக் கொண்டு போகாத தமிழாசிரியர் நம்மில் குறைவு. அணி சொல்லிக் கொடுக்கப் பாட்டு, சந்தம் புரிய வைக்கப் பாட்டு, மதியத் தூக்கத்தைக் கலைக்கவும் பாட்டுதான். ஆனா, "இந்தப் பாட்டுக்கு என்ன பொருள்?" என்று கேட்டுப் பாருங்க. மாணவர் உடனே கைப்பேசியை எடுப்பார். புலனத்தில் வந்த ஒரு சுவையான கதை அப்படியே இடுபணியில் ஏறிவிடும். அதே கதை ஆசிரியர் வாயிலிருந்து ஒருமுறை வந்துவிட்டால் போதும், அது வரலாறாகவே நின்றுவிடும். பிறகு அதை இறக்குவது லேசில்லை.

இரண்டு பாட்டுகளை எடுத்துப் பார்ப்போம்.

வராத விடுதலைக்கு ஆடிய ஆட்டம்

முதலாவது பாரதியாரின் 'சுதந்திரப் பள்ளு'. 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடியது. விடுதலை வந்துவிட்டது என்று கூத்தாடும் பாட்டு. இந்தியா விடுதலை அடைந்த மகிழ்ச்சியில் எழுதிய பாட்டு என்றுதான் பல மாணவர்கள் நினைத்துக் கொள்கிறார்கள்.

இப்போ தேதியைப் பாருங்க. இந்தியா விடுதலை பெற்றது 1947 ஆகஸ்டு 15. படம் வெளிவந்தது அந்த ஆண்டு ஜனவரியில். பாரதியாரோ 1921-லேயே மறைந்துவிட்டார். அதாவது, பாட்டை எழுதியவர் கண்மூடி 26 ஆண்டுகள் கழித்துத்தான் விடுதலை வந்தது. இடையில் 1928-இல் சென்னை மாகாண அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். வெறும் கொண்டாட்டப் பாட்டாக இருந்தால் அரசு ஏன் பயப்படணும்? கையில் கிடைக்காததைக் கிடைத்துவிட்டதாகப் பாடுவது எவ்வளவு பெரிய துணிச்சல்! தேதி தெரியாத மாணவருக்கு அந்தத் துணிச்சல் கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்து, தலைப்பில் இருக்கும் 'பள்ளு' என்ற சொல். அது சிற்றிலக்கிய வகைகளில் ஒன்று. முக்கூடற்பள்ளு நமக்குத் தெரிந்ததே. அந்தப் பழைய நூல்களில் வயலில் உழைக்கும் பள்ளன் பண்ணைக்காரனிடம் ஏச்சு வாங்குவான். தொழுவில் மாட்டப்பட்டுத் தண்டனையும் அனுபவிப்பான். பாரதியார் அதே இலக்கிய வகையை எடுத்து, அதே உழைப்பாளியை விடுதலை பெற்றவனாக ஆட வைக்கிறார். வெள்ளைக்காரனைத் துரை என்று கும்பிட்ட காலமும், பிறப்பால் ஒருவரை உயர்த்தி வணங்கிய காலமும் சேர்ந்தே போகணும் என்கிறார். ஆக, இந்தப் பாட்டில் கேட்கப்படும் விடுதலை ஒன்றல்ல, இரண்டு. வெள்ளையரிடமிருந்து ஒன்று, சாதியிடமிருந்து ஒன்று.

நம் நாட்டு மாணவர்களுக்கு இதைப் புரிய வைக்கத் தூரம் போக வேண்டியதில்லை. 'துரை' என்ற சொல்லை அவர்களின் பாட்டன் பாட்டியைக் கேட்கச் சொல்லுங்க. ரப்பர்த் தோட்டத்தில் பெரிய துரை, சின்ன துரை, கிராணி, கங்காணி என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்தப் படம் வந்த 1947-இல், கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. பாட்டினால்தான் அது நடந்தது என்று நாம் முடிச்சுப் போட வேண்டாம். ஆனா, துரைக்கு முன்னால் தலைநிமிர்வது என்றால் என்னவென்று அன்றைய தோட்டத் தமிழருக்கு யாரும் உரை எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

சிவகாமியின் மகன் யார்?

இரண்டாவது பாட்டு 1967-இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தில் கண்ணதாசன் எழுதியது. சிவகாமியின் மகனிடம் சேதி சொல்லச் சொல்லும் காதல் பாட்டு. இதைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. காமராசரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். கண்ணதாசன் காங்கிரசில் சேர விரும்பி, காமராசருக்குப் பாட்டிலேயே தூது விட்டாராம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. தேதியை வைத்துச் சோதிப்போம். கண்ணதாசன் தி.மு.க.வை விட்டு விலகியது 1961-இல். ஈ.வெ.கி. சம்பத்துடன் சேர்ந்து தமிழ்த் தேசியக் கட்சியில் இருந்தார். அந்தக் கட்சி 1964-லேயே காங்கிரசில் இணைந்துவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் 1967-இல் வரும் படத்தில் எதற்குக் கதவைத் தட்டணும்? கதை இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

பாட்டைத் தமிழ் மரபில் வைத்துப் பார்த்தால் நேரான பொருள் கிடைக்கிறது. சிவகாமி என்பது தில்லையில் நடராசரோடு இருக்கும் அம்மையின் பெயர். அவள் மகன் முருகன். காதலில் தூது விடுவது நம் இலக்கியத்தில் பழைய வழக்கம். தூது தனிச் சிற்றிலக்கியமாகவே வளர்ந்திருக்கிறது.

அப்படியானால் காமராசரை நினைத்தவர்கள் எல்லாம் தவறா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அந்த 1967 பிப்ரவரித் தேர்தலில்தான் காமராசர் விருதுநகரில் தோற்றார். அவர் பெயரே எல்லார் வாயிலும் இருந்த நேரத்தில், சிவகாமி என்ற பெயர் காதில் விழுந்தால் அவர் நினைவு வருவது இயல்பு. அதோடு, திரைப்பாட்டில் அரசியலை ஒளித்து வைப்பதும் அந்தக் காலத்தில் நடந்ததுதான். 1966-இல் வந்த 'அன்பே வா' படத்துக்கு வாலி எழுதிய பாட்டில் தி.மு.க. சின்னமான உதயசூரியன் வந்தபோது, தணிக்கையில் அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார்கள். அங்கே சொல் மாறியதே சான்று. இங்கே அப்படி ஒரு சான்று இல்லை.

வகுப்பில் என்ன செய்யலாம்?

மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதுங்க. எப்போது எழுதப்பட்டது? எந்த மரபில், எந்தக் காட்சிக்காக எழுதப்பட்டது? கேட்டவர்கள் அப்போது என்ன நிலையில் இருந்தார்கள்? பிறகு விடைத்தாளில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்க. ஒன்றில் எழுதியவர் நினைத்த பொருள், அதற்கான சான்றோடு. இன்னொன்றில் கேட்டவர்கள் ஏற்றிக்கொண்ட பொருள். இரண்டையும் கலக்கக் கூடாது. இரண்டில் ஒன்றை ஒதுக்கவும் கூடாது.

புலனக் கதையோடு வரும் மாணவரைத் திட்ட வேண்டாம். "நல்ல கதைப்பா, தேதியைப் பார்த்தியா?" என்று மட்டும் கேளுங்க. அடுத்த இடுபணியில் அவரே ஒரு பாட்டின் தேதியைத் தேடிக்கொண்டு வரட்டும்.